முதுகுக்கு எழுதிய வசனம்

மன்னிக்க வேண்டும் சார், உங்கள் போனை எட்டிப் பார்த்தேன் என்று நினைக்காதீர்கள். நான் எட்டவில்லை. நடு இருக்கையில் உட்கார்ந்தவன் நேராகப் பார்த்தாலே உங்கள் போன்தான் தெரிகிறது. தாம்பரத்திலிருந்து அந்த அம்மாள் காரில் போய்க்கொண்டே இருக்கிறாள். செங்கல்பட்டு வந்துவிட்டது, அவள் இன்னும் இறங்கவில்லை. அதை வைத்துத்தான் கண்டுபிடித்தேன். 'ரத்த அலை', இரண்டாம் பகுதி. தமிழில் பார்க்கிறீர்களா, மூலத்தில் பார்க்கிறீர்களா? தமிழிலா! அப்படியானால் காதில் இருப்பதைக் கொஞ்சம் எடுத்துவிடுங்கள். ஒன்றும் நஷ்டமில்லை. இன்னும் நான்கு நிமிடத்துக்கு அவள் வாயைத் திறக்கமாட்டாள். எனக்குத் தெரியும். அந்த நான்கு நிமிடத்துக்கு வசனம் எழுதியவன் நான்.

சிரிக்கிறீர்கள். எல்லாரும் இந்த இடத்தில் சிரிக்கிறார்கள். பரவாயில்லை. முடிவைச் சொல்லமாட்டேன், பயப்படாதீர்கள். அந்த நாகரிகம் எனக்கு உண்டு.

முதலில் தலைப்பைப் பற்றி ஒரு வார்த்தை. மூலத்தில் அதன் பெயர் 'நீர்மட்டம்'. ஆறு பகுதியிலும் ஒரு சொட்டு ரத்தம் கிடையாது. மூன்றாம் பகுதியில் ஒருவர் சவரம் செய்கிறார், அப்போதுகூட வெட்டிக்கொள்ளவில்லை. 'ரத்த அலை' என்பது தொடரை இங்கே வெளியிடும் மும்பைக் கம்பெனி வைத்த பெயர். எனக்கு அதில் பங்கில்லை. கதை நடப்பது டென்மார்க்கில். எங்கள் ஸ்டுடியோ முதலாளி தனபால் அதை நார்வே என்பார், மறுநாள் பின்லாந்து என்பார். பின்லாந்து ஸ்காண்டிநேவியாவில் சேருமா என்பதே ஒரு விவாதம் என்று அவரிடம் இருபது நிமிடம் விளக்கினேன். கேட்டுவிட்டு, "எல்லாம் குளிருதானுங்க புலவரே" என்றார். ஸ்டுடியோவில் எனக்குப் பெயர் 'புலவர்'. மரியாதையாகத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நினைக்கிறேன்.

கதை நிஜமாக நடந்தது. ஒரு கடலோர ஊர். அன்னே என்று ஒரு பெண். கடற்பறவைகளை எண்ணிக் குறித்துக்கொள்வது அவள் வேலை. யாரோ ஒருவனுடைய படகில் ஏறித் தீவுக்குப் போனவள் திரும்பவில்லை. ஹெல்கா என்கிற போலீஸ் அதிகாரி தேடுகிறாள், உங்கள் போனில் கார் ஓட்டுகிறாளே அவள்தான். எப்படித் தேடுகிறாள்? காரில் போகிறாள். இறங்குகிறாள். கடலைப் பார்க்கிறாள். காபி குடிக்கிறாள். திரும்பக் காரில் வருகிறாள். ஐம்பத்திரண்டு நிமிடம் முடிந்தது, முதல் பகுதி முடிந்தது.

சாலிகிராமத்தில் எங்கள் டப்பிங் தியேட்டரில் இதைப் போட்டுப் பார்த்தபோது தனபால் ஒலிப்பதிவாளரைக் கூப்பிட்டார். ஜெபராஜ் என்று பெயர், நல்ல பையன், நாற்பத்தைந்து வயது.

"ஏனுங்க ஜெபராஜு, ஆடியோ ஃபைல் பாதிதான் வந்திருக்குதுங்களா?"

"முழுசா வந்திருக்கு சார். அவங்க பேசல."

"ஒருத்தருமேவா?"

"கடல் பேசுது சார்."

ஹெல்காவுக்குக் குரல் கொடுத்தவர் சந்திரவதனா. இந்தி சீரியல்களில் மாமியார் அழுதால் அது சந்திரவதனா அழுவதுதான். ஒரே மூச்சில் மூன்று மருமகள்களைச் சபிப்பார். அவருக்கு முதல் பகுதியில் முப்பத்தொரு வரி. அதில் பத்தொன்பது 'ம்'.

"சார், இந்த ம் எல்லாம் ஒரே ம்மா, வேற வேற ம்மா?"

நியாயமான கேள்வி. நான் உட்கார்ந்து வகை பிரித்துக் கொடுத்தேன். ஒப்புக்கொள்ளும் ம். ஒப்புக்கொள்ளாத ம். காபி சூடாக இருக்கிறது என்கிற ம். யாரும் கேட்காத வேலை. ஆனால் செய்தேன்.

இப்போது தொழிலைப் பற்றி நீங்கள் ஒன்று தெரிந்துகொள்ள வேண்டும், இல்லாவிட்டால் என் வழக்கு புரியாது. டப்பிங்கில் ராஜா யார்? உதடு. திரையில் இருப்பவன் வாய் திறந்தால் நாமும் திறக்க வேண்டும், மூடினால் மூட வேண்டும். அவன் 'ஓ' என்றால் நம் சொல்லிலும் ஒரு ஓகாரம் அங்கே வந்து உட்கார வேண்டும். அடிமை வாழ்க்கை. ஆனால் அவன் முதுகைக் காட்டிவிட்டானென்றால்? உதடு தெரியாது. உதடு தெரியாத இடம் முழுவதும் வசனகர்த்தாவுக்குப் பட்டா போட்டுக் கொடுத்த நிலம். ஒரு சீனப் படத்தில் ஒரு கிழவர் மூங்கில் காட்டைப் பார்த்தபடி ஒன்றரை நிமிடம் முதுகு காட்டி நின்றார். மூலத்தில் வெறும் காற்றுச் சத்தம். நான் அவரைத் தண்ணீர் லாரி வராததைப் பற்றிப் பேச வைத்தேன். திருவொற்றியூரில் ஜனங்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். அந்த இயக்குநருக்குச் சீனாவில் அப்படி ஒரு கைதட்டல் கிடைத்திருக்குமா, சந்தேகம்.

இருபத்தாறு வருடம். நூற்றுப் பதினான்கு படம். என் பெயர் எங்காவது வந்திருக்கிறதா? ஒன்றில்கூட இல்லை. கிராஃபிக்ஸ் டைனோசருக்குத் தீனி போட்டவன் பெயர் வரும். தமிழில் அந்த டைனோசரைத் தவிர மற்ற எல்லாரையும் பேச வைத்தவன் பெயர் வராது. என் சகலை இருக்கிறார், ஹார்டுவேர் கடை வைத்திருப்பவர், அவர் பெயர் எங்கள் தெரு முனை பஸ் நிறுத்தத்தில் சிமென்ட் பெஞ்சில் இருக்கிறது. தினமும் யாராவது அதன்மேல் உட்காருகிறார்கள். இருந்தாலும் பெயர் பெயர்தானே. என் மனைவி அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் அதைப் படிப்பாள். படிப்பாள், அவ்வளவுதான்.

அப்படி இருக்கும்போது மும்பையிலிருந்து மிருணாளினி மேடம் வீடியோவில் வந்தார். நம் ஊர்ப் பெண்தான், தென்மொழித் தொடர்களுக்கெல்லாம் அவர்தான் பொறுப்பு. "சார், திஸ் சீரிஸ் முதல் டப்பிங் ரைட்டர் நேம் ஸ்கிரீன்ல போடப் போறோம். தனி கார்டு" என்றார். நான் தண்ணீர் குடித்தேன். மறுநாளே கார்டின் மாதிரியும் வந்துவிட்டது. கறுப்புப் பின்னணி. வெள்ளை எழுத்து. 'தமிழ் வசனம்', அதன் கீழே என் பெயர், முன்னெழுத்தோடு. அதை போனில் வைத்துக்கொண்டு யாருக்கெல்லாம் காட்டினேன் என்று கேட்காதீர்கள். சகலைக்கு இரண்டு தடவை. முதல் தடவை அவர் கண்ணாடி போட்டிருக்கவில்லை.

மேடம் இன்னொன்றும் சொன்னார். கவனியுங்கள், இது வழக்குக்கு முக்கியம். "சார், ப்யூட்டிஃபுல் சீரிஸ். பட் சைலன்ஸ் ரொம்ப ஜாஸ்தி. நம்ம ஆடியன்ஸ் தள்ளி விட்டுடுவாங்க. கொஞ்சம் எங்கேஜிங்கா பண்ணுங்க." எங்கேஜிங்காக. இந்தச் சொல்லை நான் தேதியோடு குறித்து வைத்திருக்கிறேன்.

தனபாலுக்கும் ஒரு குறை இருந்தது.

"புலவரே, கொலகாரன் எங்கீங்க?"

"இந்தத் தொடரில் கொலைகாரன் வரமாட்டான்."

"கொல இருக்குது, கொலகாரன் இல்லீங்களா? கல்யாண வீட்டுல மாப்பிள்ளை இல்லாத மாதிரி!"

விஷயம் இதுதான். மும்பை எங்களுக்கு நான்கு பக்கக் குறிப்பு ஒன்று அனுப்பியிருந்தது, தொடரை எடுத்தவர்கள் எழுதியது. ஸ்டுடியோவில் அதைப் படித்தவன் நான் ஒருவன்தான். எனக்கு எழுத்தென்று எது கிடைத்தாலும் கடைசி வரை படித்துவிடும் பழக்கம், மருந்துச் சீட்டானாலும் சரி. மூன்றாம் பக்கம், இரண்டாம் பத்தி: இது உண்மைச் சம்பவம், இறந்த பெண்ணின் குடும்பத்தார் கேட்டுக்கொண்டபடி கொலையாளியின் பெயரோ முகமோ எங்கும் இடம்பெறாது.

பெயர், முகம். இரண்டுதான். குரல் என்று போட்டிருக்கிறதா? இல்லை. எந்த வக்கீலையும் கேளுங்கள், பட்டியலில் இல்லாததற்குத் தடை இல்லை.

அடுத்தது தர்க்கம். தொடரில் ஒரு ஆள் வருகிறார். உயரம், கறுப்புக் கோட்டு, கம்பளித் தொப்பி. எங்களுக்கு வந்திருந்த ஐந்து பகுதியிலும் துறைமுகத்தில் வந்து நிற்கிறார். ஒரு தடவைகூட முகத்தைக் காட்டுவதில்லை, முதுகு மட்டும். ஒரு வரிகூடப் பேசுவதில்லை. பேசாதவர் பெயர் டப்பிங் ஸ்கிரிப்டில் இருக்காது, ஏனென்றால் ஸ்கிரிப்டில் பேசுகிறவர்கள் மட்டும்தான் இருப்பார்கள். ஆகவே அவர் யார்? கொலையாளியின் முகம் வராது. இவர் முகம் வரவில்லை. ஆகவே இவர்தான் கொலையாளி. இதில் ஓட்டை எங்கே இருக்கிறது, நீங்களே சொல்லுங்கள்.

நான் சொன்னதும் தனபால் எழுந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "கூப்புடுங்க கோட்டைச்சாமிய!"

கோட்டைச்சாமி முப்பது வருட வில்லன் குரல். சொந்த ஊர் கமுதிப் பக்கம். நேரில் பார்த்தால் மெலிந்த மனிதர், சைவம், பல்லிக்குப் பயம். மைக் முன்னால் நின்றால் கண்ணாடி அதிரும். அவர் 'வணக்கம்' என்று சொன்னாலே கேட்பவன் வீட்டுக் கதவைத் தாழ் போடுவான்.

முதல் பகுதியில் அந்த ஆள் படகுத்துறையில் நிற்கிறார். நான் எழுதினேன்: "தேடு ஹெல்கா, தேடு. நீ கடலைப் பார்க்கிறாய். கடல் என்னைப் பார்க்கிறது." பிறகு ஒரு சிரிப்பு. ஜெபராஜ் ஆட்சேபம் செய்தார், தோள் குலுங்கவில்லையாம். "அது மனதுக்குள் சிரிப்பு" என்று அடைப்புக்குறியில் போட்டேன்.

மூன்றாம் பகுதியில் அவர் முதுகைக் காட்டியபடி, கடலில் முக்குளித்துத் தேடுகிறவர்களுக்கு ஃபிளாஸ்கிலிருந்து காபி ஊற்றிக் கொடுக்கிறார். அங்கே எழுதினேன்: "குடியுங்கள். நன்றாகக் குடியுங்கள். இதுதான் உங்கள் கடைசிக் காபி." பிரமாதமாக வந்தது. ஆனால் நான்காம் பகுதியில் முக்குளிப்பவர்கள் ஏழு பேரும் நல்ல ஆரோக்கியத்தோடு திரும்ப வந்து நின்றார்கள். அதனால் அங்கே, "விஷத்தையே செரித்துவிட்டார்களே, இவர்கள் மனிதர்களா!" என்று சேர்த்தேன். எழுத்தாளனுக்கு இப்படிப்பட்ட இடங்களில்தான் சோதனை.

கோட்டைச்சாமிக்கு ஒரு சந்தேகம் இருந்துகொண்டே இருந்தது.

"ஏன் புலவரே, நான் தெனம் வந்து நிக்கேன். அந்தம்மாவும் பக்கத்துலயே வந்து நிக்கிது. ஏன் என்னையப் பிடிக்க மாட்டேங்குது?"

"ஆதாரம் இல்லை."

"நாந்தேன் வாயால மூணு தடவ சொல்லிட்டேனே, நாந்தேன் கொன்னேன்னு."

"அது மனதுக்குள்ளே சொன்னது."

"அம்புட்டுச் சத்தமாவா?"

ஐந்து பகுதிக்கும் அந்த முதுகுக்கு மட்டும் இருநூற்றுப் பதினேழு வரி எழுதினேன் சார். ஹெல்காவின் முதுகுக்குத் தனி. மும்பையில் சரிபார்க்கிறவர்கள் பார்ப்பது உதடு பொருந்துகிறதா, இரைச்சல் இருக்கிறதா என்று மட்டும். உதடே தெரியாத இடத்தில் அவர்களுக்கு என்ன ஆட்சேபம்? ஐந்தும் தேறிவிட்டது. ஆறாம் பகுதியை மட்டும் ரகசியம் வெளியே போகக்கூடாது என்று கடைசி நாள்தான் அனுப்பினார்கள். காலை ஒன்பது மணிக்கு வந்தது. மறுநாள் காலைக்குள் திருப்பி அனுப்ப வேண்டும்.

எல்லாரும் உட்கார்ந்து பார்த்தோம். கடல் பனிக்கட்டியாகிவிட்டிருக்கிறது. ஹெல்கா காரில் வருகிறாள். வருகிறாள். இன்னும் வருகிறாள். துறைமுகத்தில் அந்த ஆள் நிற்கிறார், முதுகைக் காட்டிக்கொண்டு. அவள் பக்கத்தில் போகிறாள். கையில் ஒரு பிளாஸ்டிக் பை. அதில் நனைந்து உலர்ந்த ஒரு நோட்டுப் புத்தகம். அந்தப் பெண் பறவை எண்ணிக் குறித்த நோட்டு. அவர் திரும்புகிறார்.

சாதாரண ஒரு மனிதர் சார். அறுபது இருக்கும். கண்ணாடி போட்டிருக்கிறார். மூக்கு நுனி குளிரில் சிவந்திருக்கிறது. பையை வாங்கிக்கொள்கிறார். வாயைத் திறந்து ஒரே ஒரு சொல் சொல்கிறார். ஹெல்கா அவர் கையைப் பிடித்துக்கொள்கிறாள்.

ஸ்கிரிப்டைப் புரட்டினேன். கதாபாத்திரம்: அன்னேயின் அப்பா. வரிகள்: ஒன்று. 'நன்றி.'

ஐயோ. முடிவைச் சொல்லிவிட்டேனே! நீங்கள் இரண்டாம் பகுதியில்தான் இருக்கிறீர்கள். சொல்லியிருக்கக்கூடாது. சரி, விடுங்கள், ஒருவகையில் நல்லதுதான். இனிமேல் அந்த முதுகை நீங்கள் சரியாகப் பார்ப்பீர்கள். எனக்கு அந்த வாய்ப்பு கிடைக்கவில்லை.

தியேட்டரில் தனபால்தான் முதலில் கேட்டார்.

"ஏனுங்க புலவரே, கொலகாரனுக்கு எதுக்குங்க அந்தம்மா கை குடுக்குது?"

சந்திரவதனா அந்த நான்கு பக்கக் குறிப்பைக் கேட்டு வாங்கினார். அவருக்கு இங்கிலீஷ் நன்றாக வரும், கான்வென்ட். நான்காம் பக்கத்தைப் படிக்க ஆரம்பித்தார், சத்தமாக. நான்காம் பக்கத்தை நான் படிக்கவில்லை, உண்மையை ஒப்புக்கொள்கிறேன். மேலே 'நன்றி' என்று போட்டு வரிசையாகப் பெயர்கள் இருந்தன. பெயர்ப் பட்டியலையெல்லாம் யார் சார் படிக்கிறார்கள்? அதன் நடுவில் இருந்தது. அன்னேயின் அப்பா தொடருக்குச் சம்மதித்தபோது ஒன்றே ஒன்று கேட்டாராம். தேடிய நாட்கள் முழுக்கத் தான் தினமும் துறைமுகத்தில் போய் நின்றதாகவும், மகள் கிடைக்கிறவரை ஊரில் யாருக்கும் தன் முகத்தைக் காட்ட முடியவில்லை என்றும் சொல்லி, தன் வேடத்தில் வருபவரையும் அப்படியே, மகள் கிடைக்கும் கடைசிக் காட்சி வரை பின்புறமாகவே காட்டும்படி.

"அந்தக் காபி, சார்" என்றார் சந்திரவதனா. அவ்வளவுதான் சொன்னார். "அந்தக் காபி."

கோட்டைச்சாமிதான் வழி சொன்னார், பாவம், உதவி செய்கிற எண்ணத்தில். "புலவரே, ரெட்டைப் பிறவின்னு போட்டுருவமா?"

தனபால் அப்படியே பிடித்துக்கொண்டார். "அண்ணன் நல்லவரு, தம்பி கெட்டவரு! முதுகு ரெண்டு பேருக்கும் ஒண்ணு! ஹெல்கா திரும்புறப்ப, 'உங்க தம்பிய அரெஸ்ட் பண்ணியாச்சுங்க'ன்னு ஒரே ஒரு டயலாக். முதுகுலதானுங்க சொல்றாங்க, யாரு கேக்கப் போறா? முடிஞ்சுது!"

"நான் சொல்ல மாட்டேன்" என்றார் சந்திரவதனா. ஹெட்ஃபோனைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டார். "பதினேழு வருசமா பொய் அழுகை அழுதிருக்கேன். நெஜமா இருக்கற ஒருத்தர் தலையில கொலைப் பழியைப் போட மாட்டேன். ஒரு ம்கூடச் சொல்ல மாட்டேன் சார்."

"அம்மணி, அவரு டென்மார்க்குல இருக்காரு. தமிழ் தெரியாதுங்க."

"நமக்குத் தெரியும்ல?"

என் நிலைமையை யோசித்துப் பாருங்கள். ஐந்து பகுதி தேறிவிட்டது. ஆறும் போனால், வெள்ளிக்கிழமை தொடர் வெளியாகும், கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து. சகலை குடும்பத்தோடு வருவதாகச் சொல்லியிருந்தார். மனைவி புதிய டிவி உறை வாங்கியிருந்தாள், எடுத்துவிட்டுப் பார்ப்பதற்காக. நான் இரட்டைப் பிறவி யோசனையை எதிர்க்கவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். பேனாவை எடுத்தேன். 'தம்பி' என்று எழுதியும் விட்டேன்.

ஆனால் முதலில் அந்த 'நன்றி'யைப் பதிவு செய்தாக வேண்டும். குரல் மாறக்கூடாது, ஆகவே கோட்டைச்சாமிதான். அதிலும் ஒரு சிக்கல். டேனிஷ் மொழியில் அது ஓரசைச் சொல். அவர் வாயைத் திறந்து மூடுவதற்குள் 'நன்' வரைக்கும்தான் இடம். 'றி' தாடைக்கு வெளியே தொங்கியது. சரி, தொங்கட்டும் என்று ஆரம்பித்தோம்.

முதல் டேக். "நன்றி." கேட்டால், உன் குடும்பத்தைப் பார்த்துக்கொள் என்பதுபோல் இருந்தது.

"கொஞ்சம் மென்மையாக, கோட்டை."

இரண்டாவது இன்னும் மோசம். மென்மையாகச் சொன்னபோது, உன் குடும்பம் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும் என்பதுபோல் இருந்தது. மூன்றாவது, நான்காவது. தனபால், "சிரிச்சுட்டே சொல்லிப் பாருங்க" என்றார். சொன்னார். ஜெபராஜ் நாற்காலியைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். ஒன்பது டேக் போனது சார். முப்பது வருடத்தில் மைக் முன்னால் அந்த மனிதர் நல்ல வார்த்தை ஒன்று சொன்னதே கிடையாது, அவருக்கு எப்படி வரும்? ஒன்பதாவது டேக்கில் பாதியில் நிறுத்தினார். திரையில் அந்த முகம் அப்படியே நின்றுகொண்டிருந்தது. கோட்டைச்சாமி கொஞ்ச நேரம் அதைப் பார்த்துவிட்டு, கதவைத் திறந்து வெளியே வந்துவிட்டார்.

"புலவரே, இந்த மனுசன் வாய்க்குள்ள நான் நிக்கக்கூடாது. வேற ஆளப் பாருங்க."

ஜெபராஜிடம் ஐந்து பகுதியையும் திரும்பப் போடச் சொன்னேன், கோட்டைச்சாமியின் டிராக்கை மட்டும் மூடிவிட்டு, அந்த முதுகு வரும் இடங்களை மட்டும். மொத்தம் நாற்பது நிமிடம். அவர் நிற்கிறார். காபி ஊற்றுகிறார். ஒரு குவளை கீழே விழுகிறது, குனிந்து எடுக்கிறார், முழங்காலில் கை வைத்து எழுகிறார். அந்த இடத்தில் நான் 'பொறியை வைத்துவிட்டேன்' என்று எழுதியிருந்தேன். அந்தக் குரல் இல்லாமல் பார்த்தால் முழங்கால் வலி மட்டும் தெரிந்தது. எனக்கு அன்று லேசாக ஜலதோஷம். ஏசி பதினெட்டில் இருந்தது, ஜெபராஜைக் கேட்டுப் பாருங்கள்.

நான் உணர்ச்சிவசப்படுகிறவன் இல்லை சார். முடிவு எடுத்தது முழுக்கத் தொழில்முறைக் காரணத்துக்காக. 'றி' தொங்குகிறது. தொங்கும் 'றி'யோடு என் பெயர் போகக்கூடாது. வேறு ஒரு காரணமும் கிடையாது.

மும்பைக்குக் கடிதம் எழுதினேன். எண்ணிட்டு, பதினோரு பத்தி. என் தர்க்கம் என்ன, அதில் எங்கே ஓட்டை இருந்தது, இருநூற்றுப் பதினேழு வரிகளையும் ஏன் நீக்க வேண்டும், எந்தெந்த நிமிடத்தில். தனபால் தலையில் கை வைத்துக்கொண்டார். "யாருமே கேக்காத கேள்விக்குப் பதினோரு பத்தி பதில் எழுதியிருக்கீங்களே புலவரே!"

மிருணாளினி மேடம் ஐந்து நிமிடத்தில் வீடியோவில் வந்தார். முகம் வெளுத்திருந்தது.

"சார், இதை யாரு அப்ரூவ் பண்ணாங்க?"

"நீங்கள்தான் எங்கேஜிங்காக—"

"நான் எங்கேஜிங்னு சொன்னேன். மர்டரர்னு சொன்னேனா?"

தேதியோடு குறித்து வைத்திருந்ததைக் காட்டினேன். அவர் பார்க்கவில்லை. ஆனால் நீக்க ஒத்துக்கொண்டார். நீக்குவதற்கு ஒரு படிவம் உண்டாம். 'அனுமதியற்ற சேர்க்கை' என்று தலைப்பு. அதில் சேர்த்தவர் கையெழுத்துப் போட வேண்டும். கீழே சின்ன எழுத்தில் ஏழாவது விதி: அவ்வாறு சேர்த்தவரின் பெயர் திரையில் எவ்விடத்தும் இடம்பெறாது.

இந்தத் தடவை எல்லாப் பக்கத்தையும் படித்தேன். ஏழாவது விதியை இரண்டு தடவை. தனபால் பக்கத்தில் நின்றுகொண்டு மெதுவாக, "கையெழுத்துப் போடாதீங்க. அப்பிடியே உட்டுருங்க. வெள்ளிக்கெழமை உங்க பேரு வருமுங்க" என்றார். நல்ல மனிதர், எனக்காகத்தான் சொன்னார். படிவத்தில் இரண்டு எழுத்துப்பிழை இருந்தது. இரண்டையும் திருத்தினேன். கையெழுத்துப் போட்டேன்.

ஐந்து வாரம் எழுதினேன். அழிக்க எவ்வளவு நேரம் ஆனது? இருபது நிமிடம். ஜெபராஜ் கம்ப்யூட்டரில் ஒரு டிராக்கைத் தொட்டார், அது சாம்பல் நிறமானது, அடுத்த பகுதியைத் திறந்தார். ஹெல்காவின் முதுகுக்கு எழுதியதும் போயிற்று, உங்கள் போனில் ஓடுகிற கார்ப் பயணத்தின் நான்கு நிமிடமும் போயிற்று. அதில் அவள் தன் இளமைக்காலத்தை நினைத்துப் பார்ப்பாள், அருமையான பத்தி. போகட்டும்.

அந்த 'நன்றி'யா? அதை டப் செய்யவில்லை. அவர் சொன்னதையே விட்டுவிட்டோம், டேனிஷில். தொடர் முழுக்கத் தமிழில் மாற்றப்படாத சொல் அது ஒன்றுதான். இதுவரை யாரும் புரியவில்லை என்று எழுதவில்லை.

ஆனால் அநியாயத்தைக் கேளுங்கள். கோட்டைச்சாமி பெயர் வருகிறது! வேலை இல்லாமல் அனுப்ப மனசில்லாமல் ஒரு மீனவருக்குக் குரல் கொடுக்க வைத்தார் தனபால். ஒரே வரி. "இன்னைக்குக் காத்து அதிகம்." கேட்டால் புயல் வரப்போகிறது என்று தோன்றும். அதற்குப் பெயர். சந்திரவதனா பெயர், ஜெபராஜ் பெயர், தனபாலின் ஸ்டுடியோ பெயர், ஸ்டுடியோவுக்குச் சாப்பாடு அனுப்பிய மெஸ் பெயர், எல்லாம் வருகிறது. வெள்ளிக்கிழமை நானும் உட்கார்ந்து பார்த்தேன். சகலை வந்திருந்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கடைசி வரை தேடினார். "ஒருவேளை வேகமாப் போயிருக்கும்" என்றார். என் மனைவி டிவிக்கு உறையைத் திரும்பப் போட்டாள். பிறகு என்னிடம், "அந்த அப்பா கடைசில திரும்புறாரே, அது நல்லா இருந்துச்சு" என்றாள். அதில் என் வசனம் ஒன்றும் இல்லை என்று சொன்னேன். "அதான்" என்றாள். அவள் எதைச் சொன்னாள் என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

என் வழக்கு இவ்வளவுதான் சார். அந்தத் தொடரில் பெயர் வரக்கூடாது என்று எழுத்துமூலம் முடிவாகியிருப்பது இரண்டே பேருக்கு. ஒருவன் அந்தப் பெண்ணைக் கொன்றவன். இன்னொருவன் நான்.

என்ன கேட்டீர்கள்? என் பெயரா? இவ்வளவு நேரம் பேசியும் சொல்லவில்லையா? அம்பலவாணன். வே. அம்பலவாணன்.

ஒரு உதவி செய்வீர்களா? தப்பாக நினைக்கக்கூடாது. அதை ஒரே ஒரு தடவை நீங்கள் திரும்பச் சொல்லுங்கள். 'தமிழ் வசனம்' என்று முதலில் சொல்லிவிட்டு, ஒரு சின்ன இடைவெளி விட்டு. முன்னெழுத்தையும் சேர்த்து.

ஆம். அப்படித்தான். இன்னும் கொஞ்சம் உரக்க, சார். ஜன்னலோரம் இருக்கிறவருக்கும் கேட்கட்டும்.